சாவி கிடைத்துவிட்டது, அனுமதி?

ராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்தில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிறார். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், அவ்வளவுதான் கடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் அங்கே நிற்க இடமிருக்காது, ஏனென்றால் நிவாரணம் ஏறியதா, ஆதார் பேங்க் கணக்கோடு சேர்ந்ததா, பிள்ளைக்குக் கவுன்சலிங் எப்போது என்று விசாரிக்க எல்லாரும் கரையில் இருக்கும் நேரம் அதுதான். வருகிறவர்கள் போனில் வந்ததை அப்படியே நீட்டுவார்கள். "தம்பி, பணம் ஏறிருக்காம், இதை அமுக்கச் சொல்லி வந்துருக்கு, என்னன்னு பாரு." அண்ணன் அதை வாட்ஸப் வெப்பில் வாங்கி, கம்ப்யூட்டரில் திறப்பார். அதில் எத்தனையோ போலி.

"திறக்குறதுக்கு முன்னாடியே நல்லதா கெட்டதான்னு சொல்ற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுப்பா" என்றார். குரோம் பிரௌசரோடு ஒட்டிக்கொண்டு ஓடும் ஒரு சின்ன நிரல், அதாவது எக்ஸ்டென்ஷன்தானே, சரி என்றேன். நிரலை எழுத ஒரு ராத்திரி போதுமாக இருந்தது. அதை ஒழுங்காக வெளியிட யார் யாரிடம் என்னென்ன அனுமதி வாங்க வேண்டும் என்று விளங்கிக்கொள்ள இரண்டு மாதம் ஆனது.

ஒரு லிங்க் கெட்டதா என்று சொல்ல, உலகம் முழுக்கத் தினம் முளைக்கிற போலித் தளங்களின் பட்டியல் வேண்டும். தனி ஆளாக அதைத் திரட்ட முடியாது, அதனால் வைத்திருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். கூகுளின் சேஃப் பிரௌசிங் இருக்கிறது. 2004ல் ஸ்பெயினின் மலாகா நகரத்தில் ஒரு நிறுவனம் தொடங்கி, 2012ல் கூகுள் வாங்கிக்கொண்ட வைரஸ்டோட்டல் இருக்கிறது. சுவிட்சர்லாந்திலிருந்து நடக்கும் யூஆர்எல்ஹவுஸ், பாஸ்வேர்ட் கசிந்திருக்கிறதா என்று பார்க்க ட்ராய் ஹன்ட் 2013ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்று இன்னும் சில. பலவற்றில் மெயில் ஐடி கொடுத்துப் பதிந்தால் ஐந்து நிமிஷத்தில் ஏபிஐ கீ, அதாவது நம் நிரல் அவர்கள் சேவையிடம் கேள்வி கேட்பதற்கான சாவி, கைக்கு வந்துவிடும். கீ கொடுத்துவிட்டார்கள், அப்படியென்றால் சம்மதம்தானே என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ராமேசுவரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக வேண்டுமென்றால் மீன்வளத்துறை அலுவலகத்தில் டோக்கன் வாங்க வேண்டும். டோக்கன் இருந்தால் படகை எடுக்கலாம். அது கையில் இருக்கிறது என்பதற்காக இரட்டைமடி வலை போட முடியாது, 2001லிருந்து தடையில் இருக்கும் கடலட்டையை அள்ள முடியாது, என் டோக்கனை வைத்துக்கொண்டு மச்சான் படகு போக முடியாது. ஏபிஐ கீயும் இதே ரகம். நீ யார் என்று அவர்களுக்குத் தெரிவதற்கான சீட்டு அது. எதற்காகப் பயன்படுத்தலாம் என்பது விதிமுறைகள் என்ற பெயரில் தனிப் பக்கத்தில் கிடக்கும், நாம் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அமுக்கிவிட்டு வந்த பக்கம்.

வைரஸ்டோட்டலை எடுத்துக்கொள்வோம். இலவசக் கீயில் நிமிடத்துக்கு 4 கேள்வி, ஒரு நாளைக்கு 500. விடாமல் கேட்டால் 125 நிமிடத்தில் அன்றைய கணக்கு தீர்ந்தது. 9 மணிக்குக் கடை திறந்தால் 11 மணி டீ குடித்து முடிப்பதற்குள் எக்ஸ்டென்ஷன் ஊமையாகிவிடும். இது ஒரு கடைக்கு. அதே கீயை எக்ஸ்டென்ஷனுக்குள் வைத்து நூறு பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு 5 கேள்வி. இந்த எண்ணாவது பரவாயில்லை, நம்மை நிறுத்துவது அடுத்த விதி: வணிகப் பொருளிலும் வணிகச் சேவையிலும் இலவச ஏபிஐயைப் பயன்படுத்தக் கூடாது. நாலு மெயில் ஐடியில் நாலு கீ வாங்கி வரம்பைத் தாண்டுவதும் கூடாது.

வணிகம் என்றால் என்ன? நான் எக்ஸ்டென்ஷனை இலவசமாகத்தான் கொடுக்கிறேன். ஆனால் அண்ணன் கடை நடத்துகிறார், பிரிண்ட் போடக் காசு வாங்குகிறார், லிங்க்கைப் பார்த்துச் சொல்வதும் அந்தக் கடை வேலையில் ஒரு பகுதி. இதை வணிகம் இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கும், அவ்வளவே. சந்தேகம் என்று வந்துவிட்டால் கேட்டுவிடுவதுதான் முறை.

கூகுள் இதை வேறு மாதிரி பிரித்து வைத்திருக்கிறது. சேஃப் பிரௌசிங் ஏபிஐ வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். விற்கவோ வருமானம் பார்க்கவோ போகிறாய் என்றால் வெப் ரிஸ்க் என்ற கட்டணச் சேவைக்குப் போ என்கிறார்கள். எல்லை நன்றாகத் தெரிகிறது. இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலுமே சேஃப் பிரௌசிங் ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. அதே பட்டியலை எக்ஸ்டென்ஷன் வழியாக இன்னொரு தரம் கேட்பது வாசலில் நாய் கட்டியிருக்கும் வீட்டில் அந்த நாயின் போட்டோவையும் மாட்டுவது போல. 'பாதுகாப்பு எக்ஸ்டென்ஷன்' என்று விற்கப்படுபவற்றில் பல இந்த போட்டோதான் என்பது என் கருத்து.

அடுத்தது கீயை எங்கே வைப்பது என்ற தலைவலி. எக்ஸ்டென்ஷன் என்பது ஒரு ஜிப் ஃபைல்தான். யார் வேண்டுமானாலும் அவிழ்த்துப் பார்க்கலாம், உள்ளே எழுதி வைத்த கீ அப்படியே தெரியும், எத்தனை மடிப்பு மடித்து ஒளித்தாலும் தெரியும். ஒருவன் எடுத்து இஷ்டத்துக்கு அடித்தால் அந்தக் கணக்கு உன் பேரில் ஏறும், பூட்டப்படுவதும் உன் கணக்குத்தான். சரி, நடுவில் நம்முடைய சர்வர் ஒன்றை வைத்து, கீயை அதில் வைத்துக்கொண்டால்? கீ தப்பிக்கும். ஆனால் இப்போது எல்லாருடைய லிங்க்கும் உன் சர்வர் வழியாகப் போகிறது, அதாவது தங்கச்சிமடத்தில் யார் எந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள் என்பது உன் கையில் வந்துவிட்டது. கூடவே, அடுத்தவரிடம் வாங்கிய பதிலை உன் சர்வர் வழியாக மற்றவர்களுக்குப் பரிமாறுகிறாய். அதை விதிகள் விடுகின்றனவா என்று ஒவ்வொரு சேவையிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி, பயன்படுத்துபவரே தன் கீயைப் போட்டுக்கொள்வது. வைரஸ்டோட்டலின் சொந்த எக்ஸ்டென்ஷனிலேயே இந்த வசதி உண்டு. சட்டரீதியாகச் சுத்தமான வழி இது, ஒப்பந்தம் அவருக்கும் சேவைக்கும் இடையில் போய்விடுகிறது, நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் கருவாட்டுக் கடைக்காரரிடம் போய் "ஏபிஐ கீ எடுத்துட்டு வாங்கண்ணே" என்றால் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

இதுவரை பேசியது சேவைக்காரரின் அனுமதி. லிங்க்கை வைத்திருப்பவரின் அனுமதி என்று ஒன்று இருக்கிறதே, அதைத்தான் பெரிய பெரிய ஆட்களே கோட்டைவிட்டிருக்கிறார்கள்.

வெப் ஆஃப் ட்ரஸ்ட் என்று ஒரு எக்ஸ்டென்ஷன், தளங்களுக்கு நம்பிக்கை மதிப்பெண் போடும், உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் இறக்கிப் போட்டிருந்தார்கள். அது திரட்டிய பிரௌசிங் விவரங்கள் விற்பனைக்குப் போயிருந்ததை 2016 நவம்பரில் ஜெர்மனியின் என்டிஆர் ஒளிபரப்பு நிறுவனம் வெளியே கொண்டுவந்தது; உடனே ஃபயர்பாக்ஸை நடத்தும் மொசில்லா தன் கடையிலிருந்து அதைத் தூக்கியது, குரோம் கடையிலிருந்தும் அது இறங்கியது. அடுத்து அவாஸ்ட். வைரஸ் தடுப்புக்குப் பேர்போன நிறுவனம். அதன் எக்ஸ்டென்ஷன்கள் தேவைக்கு மேல் விவரம் அனுப்புகின்றன என்று விளாதிமிர் பலன்ட் என்ற ஆராய்ச்சியாளர் 2019ல் எழுதினார், அந்த டிசம்பரில் மொசில்லா அவற்றை நீக்கியது, 2020 ஜனவரியில் அந்த விவரங்களை விற்றுவந்த ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தை மூட வேண்டியதாயிற்று. 2024ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. இரண்டு இடத்திலும் 'உங்களைக் காப்பாற்றுகிறோம்' என்று சொல்லித்தான் உள்ளே வந்தார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை.

ஆகவே எக்ஸ்டென்ஷன் கடைகள் இப்போது கண்டிப்பாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. குரோம் கடையில் எக்ஸ்டென்ஷன் போட ஒரே தடவை 5 டாலர் கட்டினால் போதும், ஆனால் அதற்குப் பிறகு கேள்வி மேல் கேள்வி. எக்ஸ்டென்ஷன் ஒரே ஒரு நோக்கத்துக்காக இருக்க வேண்டும். யார் எந்தப் பக்கம் போனார் என்ற விவரத்தைத் தொடுவதென்றால், அந்த நோக்கத்துக்கு அது இல்லாமல் முடியாது என்ற நிலை இருக்க வேண்டும், அதைக் கடைப் பக்கத்திலும் எக்ஸ்டென்ஷன் முகப்பிலும் வெளிப்படையாகச் சொல்லியும் ஆக வேண்டும். மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய எக்ஸ்டென்ஷன் விதிமுறை வந்தபிறகு வெளி சர்வரிலிருந்து நிரலை இறக்கி ஓட்டவும் முடியாது. பட்டியலை இறக்கலாம், நிரலை இறக்கக் கூடாது. ஃபயர்பாக்ஸில் 2025 நவம்பர் 3 முதல் புதிதாக வரும் எக்ஸ்டென்ஷன்கள் என்னென்ன விவரத்தை வெளியே அனுப்புகின்றன என்று எக்ஸ்டென்ஷனின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டிலேயே எழுத வேண்டும், ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றாவது எழுத வேண்டும். நிறுவும்போதே அது பயன்படுத்துபவருக்குக் காட்டப்படும்.

நான் முதலில் எழுதிய வடிவம் 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்டது. அந்த வரியைப் பார்த்துவிட்டு அண்ணன் கேட்டார், "எல்லாத்தையும் நீ எதுக்குப்பா படிக்கணும்?" பதில் இல்லை. சோம்பேறித்தனம்தான் காரணம். பட்டனை அமுக்கும்போது மட்டும், அந்த ஒரு பக்கத்தை மட்டும் தொடும் 'ஆக்டிவ்டேப்' அனுமதி என்று ஒன்று இருக்கிறது, அதற்கு மாற்றிய பிறகு அந்தப் பயமுறுத்தும் வரியே வரவில்லை.

லிங்க் என்றால் வெறும் முகவரிதானே, அதை அனுப்பினால் என்ன என்று தோன்றலாம். பாஸ்வேர்ட் மாற்ற வரும் லிங்க்கில் சாவியே இருக்கிறது, கிடைத்தவன் திறந்துகொள்ளலாம். கூகுள் டிரைவில் 'லிங்க் உள்ளவர் பார்க்கலாம்' என்று வைத்த ஆதார் நகலும் அப்படித்தான். யூஆர்எல்ஸ்கேன் என்ற சேவையில் லிங்க்கைக் கொடுத்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து படம் பிடித்து அறிக்கை தரும்; அதில் பொதுவில், பட்டியலில் இல்லாமல், தனியாக என்று மூன்று நிலை உண்டு. பல நிறுவனங்களின் பாதுகாப்புக் கருவிகள் மெயிலில் வந்த லிங்க்குகளைத் தானாக அங்கே பொது நிலையில் அனுப்பிக்கொண்டிருந்தன. பாஸ்வேர்ட் மாற்றும் லிங்க், பில், பகிர்ந்த கோப்பு என்று யாரும் தேடி எடுக்கும்படி கிடந்ததை 2022 நவம்பரில் பாசிட்டிவ் செக்யூரிட்டி என்ற ஜெர்மன் நிறுவனம் எழுதியது. யூஆர்எல்ஸ்கேன் மேல் தப்பில்லை, அது சொன்னதைச் செய்தது. நிலையைத் தேர்வு செய்யாமல் விட்டவர்கள்தான் காரணம். வைரஸ்டோட்டலுக்கும் இது பொருந்தும், அங்கே கொடுப்பது பாதுகாப்புத் துறையில் உள்ள மற்றவர்களுக்கும் போகும் என்று அவர்களே சொல்கிறார்கள். கீழக்கரையில் ஒரு லாத்தா துபாயில் இருக்கும் மகன் அனுப்பிய விசா பேப்பர் லிங்க்கைச் சோதிக்கக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை அப்படியே அனுப்பினால் அந்த மகனிடம் யார் அனுமதி வாங்கியது?

இதற்கு நல்ல தீர்வு ஒன்று இருக்கிறது, எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். முழுசாகச் சொல்லாமலே கேட்பது. ராமநாதபுரத்தில் ஒரு ஆபீஸில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, அதில் முனியசாமி இருக்கிறாரா என்று தெரிய வேண்டும், ஆனால் யாரைத் தேடுகிறேன் என்று கிளார்க்குக்குத் தெரியக் கூடாது. "முனி என்று தொடங்கும் பெயர் எல்லாவற்றையும் கொடுங்கள்" என்கிறேன். எங்கள் மாவட்டத்தில் முனியசாமி, முனியாண்டி, முனியப்பன், முனியம்மாள் என்று கட்டுக்கட்டாக வரும். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நானே தேடிக்கொள்கிறேன். கிளார்க்குக்குத் தெரிந்ததெல்லாம் ஏதோ ஒரு முனி.

ஹேவ் ஐ பீன் போன்ட் பாஸ்வேர்ட் சேவை இப்படித்தான் நடக்கிறது. பாஸ்வேர்டை ஷா-1 என்ற கணக்கு முறையில் 40 எழுத்துக் குறியாக மாற்றி, முதல் 5 எழுத்தை மட்டும் அனுப்ப வேண்டும். அதே ஐந்தில் தொடங்கும் மிச்சப் பகுதிகள் ஏராளமாகத் திரும்பி வரும். ஒப்பிடுவது நம் கம்ப்யூட்டரிலேயே. ஐந்து எழுத்துக்கு 10,48,576 வகை இருக்கிறது, உலகத்து பாஸ்வேர்ட் எல்லாம் இத்தனை பெட்டியில் அடங்கும், எந்தப் பெட்டி என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் இருந்த ஜுனேட் அலி கொடுத்த யோசனை, 2018ல் வந்தது. இந்த பாஸ்வேர்ட் பகுதிக்குக் கீயே வேண்டாம். ஆனால் மெயில் ஐடியைக் கொடுத்துத் தேடும் பகுதிக்கு 2019லிருந்து கீயும் கட்டணமும் வந்துவிட்டது, தவறாகப் பயன்படுத்தியவர்களின் உபயம். எது ஆளைக் காட்டிக்கொடுக்கிறதோ அங்கே கதவு, காட்டாத இடத்தில் கதவில்லை. சேஃப் பிரௌசிங்கிலும் லிங்க்கை ஷா-256 ஆக்கி முதல் 4 பைட்டை மட்டும் அனுப்பும் வழி உண்டு. 2024 மார்ச்சில் குரோம் உடனுக்குடன் சோதிக்கத் தொடங்கியபோது அந்தத் துண்டுகூட நேராக கூகுளுக்குப் போகாமல் ஃபாஸ்ட்லி என்ற வேறு நிறுவனம் நடத்தும் இடைச்சர்வர் வழியாகப் போகும்படி வைத்தார்கள்: கேட்டவர் யார் என்பது இடையில் இருப்பவருக்குத் தெரியும், என்ன கேட்டார் என்பது தெரியாது, கூகுளுக்கு அதற்கு நேர் எதிர்.

அனுப்புவது குறைந்தால் வாங்க வேண்டிய அனுமதியும் குறைகிறது. முழு லிங்க்கையும் அனுப்பினால் எக்ஸ்டென்ஷன் கடை கேட்கும், பயன்படுத்துபவர் கேட்பார், லிங்க்கின் சொந்தக்காரர் கேட்பார், 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கேட்கும். அந்தச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஒப்புதல் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதாவது தமிழிலும். புரியாத ஆங்கிலத்தில் நாலு பக்கம் காட்டிவிட்டு அமுக்கச் சொல்வது இனி ஒப்புதல் ஆகாது. இப்போதும் அது ஒப்புதல் இல்லைதான்.

எச்சரிக்கை வாசகத்திலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. சேஃப் பிரௌசிங்கை வைத்து எச்சரிக்கை காட்டினால், இது கெட்ட தளம் என்று அடித்துச் சொல்லக் கூடாது, சந்தேகத்துக்குரியது, இருக்கலாம் என்ற தொனியில்தான் சொல்ல வேண்டும், தகவல் கூகுள் தந்தது என்றும் குறிப்பிட வேண்டும். முதலில் இது வழக்கறிஞர் பயம் என்று நினைத்தேன். அப்புறம் பாம்பனில் கருவாடு விற்கும் ஒருவரின் தளம் சிவப்பில் வந்தது, நல்ல மனுஷன், அவர் தளம் இருந்த அதே மலிவு சர்வரில் வேறு யாரோ போலித் தளம் வைத்திருந்திருக்கிறார்கள். நான் 'திருட்டுத் தளம்' என்று பெரிய எழுத்தில் போட்டு வைத்திருந்தேன். மாற்றிவிட்டேன், 'ஏமாற்றுத் தளமாக இருக்கலாம்' என்று.

கேட்டு வாங்கும் கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சேவைக்கு, பெயர் வேண்டாம், "உங்கள் சேவையை எக்ஸ்டென்ஷனில் பயன்படுத்தலாமா?" என்று ஒரு வரி மெயில் போட்டேன். பதில் இல்லை. மூன்று வாரம் கழித்து இன்னொன்று. அப்போதும் இல்லை. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்குச் சரி, ஏபிஐக்குச் செல்லாது. மூன்றாவது முறை ஒழுங்காக எழுதினேன்: யார் நான், எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், நாளுக்கு எத்தனை கேள்வி வரும், முழு லிங்க்கா துண்டா எது போகும், வந்த பதிலை எத்தனை நேரம் சேமித்து வைப்பேன், காசு வாங்குகிறேனா, கடையில் ஓடும் கம்ப்யூட்டர் என்பது, முடிவைத் திரையில் என்ன வாசகத்தில் காட்டுவேன், உங்கள் பெயரைப் போடலாமா, லோகோவைப் போடலாமா. பெயரும் லோகோவும் தனி அனுமதி, தகவலுக்குச் சரி என்றவர் லோகோவுக்குச் சரி என்று சொன்னதாக ஆகாது. இரண்டே நாளில் விற்பனைப் பிரிவிலிருந்து ஆண்டுச் சந்தா பற்றிப் பேசலாமா என்று மெயில் வந்தது. தொகையைச் சொன்னேன், அண்ணன் சிரித்துவிட்டு ஜெராக்ஸ் போடப் போய்விட்டார். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், விலை சொல்வது அவர்கள் உரிமை, குறைந்தபட்சம் எங்கே நிற்கிறேன் என்றாவது தெரிந்தது.

கடைசியில் எக்ஸ்டென்ஷன் ரொம்பச் சின்னதாகிவிட்டது. கடைக்கு வரும் போலிகளைக் கவனித்தபோது, முக்கால்வாசியும் அரசாங்கம் மாதிரி வேஷம் போடுபவை. நிவாரணம், ரேஷன், கரண்ட் பில், பிஎம் பெயரில் ஏதோ ஒரு திட்டம். ஜிஓவி.இன் (gov.in) என்று முடியும் முகவரியை அரசு அமைப்புகள் மட்டும்தான் வாங்க முடியும். ஆகவே முகவரியைப் பின்னாலிருந்து படித்து, அப்படி முடிகிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது, நடுவில் ஜிஓவி.இன் என்று வைத்துவிட்டு வால் பகுதியில் வேறு ஒன்று ஒட்டியிருப்பதுதான் அவர்களின் பழைய தந்திரம். இதற்கு எந்தப் பட்டியலும் வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம், எதுவும் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போவதில்லை. பட்டனை அமுக்கினால் பச்சையில் 'அரசு முகவரி', இல்லையென்றால் மஞ்சளில் 'அரசு முகவரி இல்லை, காசு கேட்டால் கொடுக்காதீர்கள்', அடியில் ஏற்கெனவே ஏமாந்துவிட்டவர்களுக்காக சைபர் குற்றப் புகார் எண் 1930.

வெளிப் பட்டியலோடு ஒப்பிடும் பகுதியையும் எழுதி வைத்திருக்கிறேன், துண்டு மட்டும் அனுப்பும் முறையில். இன்னொரு சேவைக்கு அதே விவரங்களோடு மெயில் போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. அது வரும்வரை அந்த ஸ்விட்ச் அணைந்தே கிடக்கும். போன வாரம் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இது என்னப்பா, அமுக்குனா ஒண்ணும் நடக்கல" என்றார். டோக்கன் இருக்குண்ணே, அனுமதிதான் இன்னும் வரல என்றேன். அவருக்குப் புரிந்தது.